ஏணிக்குக் கீழே மூன்று டாக்டர்கள்

மரியாதைக்கும் கேலிக்கும் சரிபாதியாக உரிய மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நான், உன் அக்கா, என் ஏணி மூவரும் சுகம். இதில் முழு சுகத்தில் இருப்பது ஏணி மட்டும்தான். அங்கே நீ, உன் வீட்டுக்காரி, பிள்ளைகள், நீ ஆசை ஆசையாக வளர்க்கும் தொப்பை எல்லாரும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வெட்கக்கேடான விஷயம். படித்ததும் ஒரு தடவை சிரித்துவிட்டு மறந்துவிடு. இரண்டு மாதமாக எனக்குச் சட்டை போட்டுவிடுவது உன் அக்காதான். ஐம்பத்துமூன்று வயது ஆம்பளை, கட்டில் ஓரத்தில் பச்சைப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். அவள் வலது கையைப் பிடித்து மெதுவாகச் சட்டைக்குள் நுழைக்கிறாள், அப்புறம் இடது கையை, அப்புறம் தலை சீவிவிடுகிறாள். என் வகிடு வலது பக்கம். அவள் எடுப்பது இடது பக்கம். தெருவில் பாதிப்பேர் என்னை யாரோ புது ஆள் என்று நினைத்து வழி விடுகிறார்கள். போன வாரம் அவள் சோப்புக் கையோடு இருந்தாள் என்று எதிர்வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டேன். அவர் அழகாகச் சட்டையை மாட்டிவிட்டார். மாட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் மார்பளவும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விஷயம் இதுதான். என் வலது தோள் மேலே போக மாட்டேன் என்கிறது. மூன்று மாதத்துக்கு முன்னால் இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பெயிண்ட் வேலை எடுத்தேன் என்று சொன்னேனே, முதல் மாடி வராந்தா, சுவரும் சீலிங்கும். பாதி சீலிங் வெள்ளை அடித்திருப்பேன், ஒருநாள் காலையில் ரோலரோடு தூக்கின கை தூக்கினபடியே நின்றுவிட்டது. கீழே இறக்குவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. இறங்கின கை மறுபடி மேலே போகவில்லை. சாப்பிட வருகிறது, மேசையில் வைத்து எழுத வருகிறது (இந்தக் கிறுக்கல்தான் சாட்சி), ஆனால் நெஞ்சு உயரத்துக்கு மேல் ஒரு விரற்கடை போகாது. சீலிங்கில் இப்போது நட்டநடுவே ஒரு கோடு நிற்கிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் பால் வெள்ளை, இந்தப் பக்கம் பழைய மஞ்சள். ஆஸ்பத்திரி மேனேஜர் தினம் வந்து அண்ணாந்து கோட்டைப் பார்ப்பார், குனிந்து என்னைப் பார்ப்பார், பெருமூச்சு விட்டுப் போவார். மாதக் கடைசிக்குள் கோடு அந்தக் கோடிச் சுவருக்குப் போய்ச் சேராவிட்டால் வேறு ஆள் வருவானாம். நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. இடது கையைப் பழக்கிக்கொண்டேன். ஏணியில் ஏறி நின்று இடது கையாலேயே ஒரு நாளைக்கு ஒரு பாய் அகலம் நகர்த்துகிறேன். அடித்த இடம் கொஞ்சம் அலை அலையாகத்தான் இருக்கிறது. கேட்டால் டிசைன் என்று சொல்லிவிடலாம்.

நல்லவேளை, அந்த மாடி முழுக்க எலும்பு டாக்டர்கள். கெட்டவேளை, அவர்கள் மூன்று பேர்.

மூவருக்கும் நானே பெயர் வைத்திருக்கிறேன், உனக்கும் அது வசதி. முதல் அறையில் இருப்பவர் ஓட்டை டாக்டர். வயதில் சின்னவர், வேக வேகமாக நடப்பார். "பெரிசா கிழிச்சு ஆபரேஷன் பண்றதெல்லாம் அந்தக் காலம். இப்ப மூணே மூணு ஓட்டை. ஒண்ணுல கேமரா, ரெண்டுல கருவி. சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்" என்பார். அடுத்த அறையில் பொறுமை டாக்டர். தலையில் முடி இல்லை, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருப்பார். எதைக் கேட்டாலும் "பொறுங்க" என்பார். கண்ணாடி உங்கள் நெற்றியில்தான் இருக்கிறது என்று சொன்னாலும் "பொறுங்க"தான். மூன்றாவது அறையில் அலை டாக்டர், சிரித்த முகமான அம்மா. அவரிடம் புதிதாக வந்த ஒரு மெஷின் இருக்கிறது. அதைத் தோளில் வைத்து அழுத்தினால் அலை அலையாக உள்ளே போய் இறுகினதை எல்லாம் இளக்கிவிடுமாம்.

முதலில் ஸ்கேன் எடுத்து வா என்றார்கள். ஆஸ்பத்திரி ஸ்கேன் அறைக்கு நான்தான் முந்தின நாள் பிரைமர் அடித்து, காயட்டும் என்று பூட்டிவைத்திருந்தேன். ஆகவே என் வேலையாலேயே நான் வெளியே போய் எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு தெரு தள்ளி ஒரு ஸ்கேன் சென்டர். உள்ளே போனதும் ஒரு பொண்ணு, "எந்தக் கைங்க ஐயா? கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க" என்று மரியாதையாகக் கேட்டது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எத்தனை கேள்வி கேட்டும் ஒருநாளும் கை தூக்காதவன், அன்றைக்கு முதல் பெஞ்சுக்காரன் மாதிரி டக்கென்று தூக்கிக் காட்டினேன். அப்புறம் ஒரு குழாய்க்குள் படுக்கவைத்துத் தள்ளினார்கள். உள்ளே என்ன சத்தம் என்கிறாய்! சுவரை டிரில் போடுவது மாதிரி ஒன்று, தகரத்தைத் தட்டுவது மாதிரி ஒன்று. பக்கத்து அறையில் கொத்தனார் வேலை நடக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். மறுநாள் படத்தை வேலை செய்கிற இடத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். கையெல்லாம் பிரைமர். வாங்கின வேகத்தில் கட்டைவிரல் படத்தின் மூலையில் பதிந்து ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்துவிட்டது. போகட்டும், திருஷ்டிப் பொட்டு என்று விட்டுவிட்டேன். கூடவே இங்கிலீஷில் அச்சடித்த ஒரு தாளும் இருந்தது. நல்ல கெட்டித் தாள். பெயிண்ட் டப்பாவுக்கு அடியில் போட்டேன், தரையில் ஒரு சொட்டு விழவில்லை.

அன்றைக்குத்தான் ஆரம்பித்தது மச்சான். நான் ஏணியில் நின்று இடது கையால் அடித்துக்கொண்டிருக்கிறேன். கீழே ஓட்டை டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கிழிசல்! பாருங்க, தசைநார்ல தெளிவா ஒரு கிழிசல். பெயிண்டர், இந்தத் தோளை வச்சுக்கிட்டு இனிமே நீங்க ஒரு டம்ளர் தண்ணிகூடத் தூக்கக் கூடாது."

"சரிங்க" என்று சொல்லி டப்பாவைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.

"உள்ள ஒரு புது ஒட்டு வைக்கலாம். இப்பத்தான் வந்திருக்கு. கிழிஞ்ச இடத்து மேல பரப்பி விட்டா உடம்பே அதைப் பிடிச்சுக்கிட்டு வளர்ந்துடும்."

பொறுமை டாக்டர் அந்த வழியாகப் போனவர், நின்றார். "அம்பது வயசுக்கு மேல யார் தோளைப் படம் எடுத்தாலும் ஒரு கிழிசல் தெரியும். என் தோளை எடுங்க, அதிலயும் இருக்கும். படத்துக்கா வைத்தியம் பண்றோம், ஆளுக்கா? இவர் கையைப் பிடிச்சுத் தூக்கிப் பாத்தீங்களா? இது இறுகிப்போன தோள். தானா இளகும். பொறுக்கணும்."

"எவ்வளவு நாள் சார்?" என்று மேலேயிருந்து கேட்டேன்.

"ஒரு வருஷம். சில பேருக்கு ரெண்டு."

கோட்டை அண்ணாந்து பார்த்தேன். கோடும் என்னைப் பார்த்தது.

அதற்குள் அலை டாக்டர் வந்துவிட்டார். "எதுக்கு வெட்டணும்? எதுக்குக் காத்திருக்கணும்? என்கிட்ட ஆறே ஆறு தடவை வரச் சொல்லுங்க."

"உங்க மெஷினுக்கு ஆதாரம் பத்தாது மேடம்."

"உங்க ஒட்டுக்கு மட்டும் ரொம்ப இருக்காக்கும்?"

"ஆயிரம் பேருக்கு வச்சு எல்லாரும் நல்லா இருக்காங்க!"

"அந்த ஆயிரம் பேர்ல எத்தனை பேர் சும்மா இருந்திருந்தாலே நல்லாயிருப்பாங்க?" இது பொறுமை டாக்டர். "ஒரு இடத்துல சோதனை பண்ணாங்களாம். பாதிப் பேருக்கு நிஜ ஆபரேஷன். மீதிப் பேருக்கு ஓட்டை மட்டும் போட்டு, ஒண்ணும் செய்யாம மூடிட்டாங்க. ரெண்டு கூட்டத்துக்கும் வலி ஒரே மாதிரி குறைஞ்சுதாம்."

எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "சார், அப்ப எனக்கு அந்த ஒண்ணும் செய்யாத ஆபரேஷனைப் பண்ணிவிடுங்களேன்" என்றேன். மூவரும் ஒன்றாக அண்ணாந்து பார்த்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பொறுமை டாக்டரின் நெற்றிக் கண்ணாடியில் மட்டும் ஒரு வெள்ளைச் சொட்டு விழுந்தது.

இப்போது என் குழப்பத்தைக் கேள். மூன்று பேரில் யாராவது ஒருத்தர் தப்பாகச் சொன்னால் எனக்கு வேலை சுலபம். ஆனால் மூன்று பேர் சொன்னதும் என் தொழிலில் சரி! சுவரில் விரிசல் விட்டால் என்ன செய்வோம்? அதன்மேல் வலைத்துணி ஒட்டிப் பட்டி பார்ப்போம். அதைத்தானே ஓட்டை டாக்டர் சொல்கிறார்? ஈரம் காயாத சுவரில் அவசரப்பட்டுப் பூசினால் உரிந்து வந்துவிடும், காய்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதைத்தானே பொறுமை டாக்டர் சொல்கிறார்? பழைய பெயிண்ட் இறுகிக் கிடந்தால் தட்டித் தட்டி இளக்கித்தான் எடுக்க வேண்டும், அலை அம்மா சொல்வதும் அதுதானே? காலையில் வேலைக்குப் போகும்போது ஒட்டுப் பக்கம் இருக்கிறேன். மத்தியானம் அலைப் பக்கம் சாய்கிறேன். சாயங்காலம் சட்டையைக் கழற்ற முடியாமல் நிற்கும்போது, எதையாவது பண்ணித் தொலையுங்கடா என்ற பக்கம் வந்துவிடுகிறேன்.

உன் அக்காவுக்கு இந்தச் சங்கடம் எல்லாம் கிடையாது. நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மூன்று அறையிலும் ஏறி இறங்கி ஒரே கேள்வியைக் கேட்டாள். "உங்களுக்கு இப்படி இருந்தா நீங்க செஞ்சுக்குவீங்களா டாக்டர்?"

ஓட்டை டாக்டர், "எனக்கு எதுக்கும்மா? எனக்குத்தான் வலிக்கலையே" என்றார்.

பொறுமை டாக்டர், "எனக்கு வந்துச்சும்மா. சும்மாதான் இருந்தேன். தானா போயிடுச்சு" என்று கையைத் தூக்கிக் காட்டினார். காது வரைக்கும் போய் நின்றது. "இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு" என்றார்.

அலை டாக்டர், "நானே என் மெஷினை வாரா வாரம் வச்சுக்கிறேன். நாலு வருஷமா. அவ்வளவு நல்லது" என்றார்.

வெளியே வந்து உன் அக்கா என் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டு, "மூணு பேரும் நல்லவங்கதாங்க. அதான் பயமா இருக்கு" என்றாள்.

கேலி எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும் மச்சான். முப்பது வருஷமாக அண்ணாந்து பார்த்தே பிழைத்தவன் நான். மூன்றாம் வகுப்போடு ஓடிவந்தவனுக்கு இந்தக் கையைத் தவிர வேறு சான்றிதழ் கிடையாது. சுவர் யார் வேண்டுமானாலும் அடிப்பான். சீலிங்குக்குத்தான் என்னைத் தேடி வருவார்கள், சொட்டாமல் அடிக்கிறவன் என்று. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யாரும் இல்லாத நேரம், பரண்மேல் இருக்கும் என் பழைய பிரஷ் டப்பாவை வலது கையால் எடுத்துப் பார்ப்போம் என்று முயன்றேன். கை நெஞ்சு வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. நானும் அதற்கு என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். பிறகு உன் அக்கா வருகிற சத்தம் கேட்டதும் கையை அப்படியே நெஞ்சில் வைத்துக்கொண்டு, சாமி கும்பிடுகிற மாதிரி நின்றுவிட்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி டப்பாவை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஆகவே ஓட்டை டாக்டரிடம், ஆபரேஷனுக்கு வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வெறும் வயிற்றோடு வர வேண்டும். அதற்கு முன்னால் நானும் உன் அக்காவும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தாள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நான் தாளைப் பார்த்தால் அவள் ஜன்னலைப் பார்க்கிறாள், அவள் தாளைப் பார்த்தால் நான் ஜன்னலைப் பார்க்கிறேன். ஜன்னல் நன்றாகத் துடைத்த மாதிரி ஆகிவிட்டது.

இங்கேதான் நீ வருகிறாய். மருந்துக்கடையில் பதினோரு வருஷம் நின்றவன் நீ. நம் இரு குடும்பத்திலும் டாக்டர் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒரே பிறவி. நீ ஒரு வார்த்தை சொன்னால் அதுதான் முடிவு, செய் என்றால் செய்கிறேன், வேண்டாம் என்றால் விடுகிறேன். பின்னால் கோணலாகிப் போனாலும் உன்னைக் குறை சொல்ல மாட்டேன், சாகிற வரைக்கும் கேலி மட்டும்தான் செய்வேன். படத்தையும் இதோடு வைக்கிறேன், உன் கடைக்கு மேல்மாடி டாக்டரிடம் ஒரு பார்வை காட்டு. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். உன் அக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரிக்கும் "அப்படி இல்ல, இப்படி" என்று திருத்துவாள், விடிந்துவிடும். உங்கள் ஊர்ப் பக்கம் வரும் பஸ் டிரைவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கைக்குக் கிடைத்ததும் போன் பண்ணு.

உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகள் நன்றாகப் படித்து, எந்தக் காலத்திலும் ஒரு டாக்டரோடு நிறுத்திக்கொள்ளும் உடம்போடு நூறு வயது வாழட்டும். உன் தொப்பைக்கும் என் ஆசீர்வாதம், அது உன்னைவிட வேகமாக முன்னேறுகிறது.

இப்படிக்கு,
நெஞ்சு வரைக்கும் கை வரும் உன் அத்தான்

பி.கு.: மேலே எழுதின எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. இன்றைக்குப் புதன்கிழமை. பஸ் டிரைவர் இரண்டு நாள் லீவில் போய்விட்டதால் கடிதம் என்னிடமே கிடந்தது, அதுவும் நல்லதுக்குத்தான். திங்கட்கிழமை உன் அக்கா, இத்தனை பெரிய படத்தில் இது என்ன அசிங்கமாக வெள்ளைப் பொட்டு, தம்பி என்ன நினைப்பான் என்று துணியில் டர்பன்டைன் தொட்டுத் துடைத்தாள். பொட்டுக்கு அடியில் ஒரு இங்கிலீஷ் எழுத்து இருந்தது. எதிர்வீட்டுத் தையல்காரரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது இடது பக்கம்னு போட்டிருக்கும்மா" என்றார். உன் அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஸ்கேன்ல எந்தக் கைன்னு கேட்டாங்களே, எதைத் தூக்கிக் காட்டுனீங்க?"

"தூக்க முடிஞ்ச கையைத்தான். தூக்க முடியாத கையை எப்படித் தூக்கிக் காட்டுறது?"

அவள் டர்பன்டைன் துணியைக் கீழே வைத்தாள். அப்புறம் பேசினாள். அதை எழுத இந்தத் தாள் போதாது. எனக்கு விளங்க வைத்தது தையல்காரர்தான். அதாவது, மூன்று டாக்டர்களும் ஒரு மாதமாகச் சண்டை போட்டது என் நல்ல தோளுக்கு. ஒரு டம்ளர் தண்ணிகூடத் தூக்கக் கூடாத அந்தத் தோள்தான், அவர்கள் தலைக்கு மேலே நின்று சீலிங் அடித்துக்கொண்டிருந்தது.

போய்ச் சொன்னேன். மூவரும் முதல் தடவையாக ஒரே கருத்துக்கு வந்தார்கள், தப்பு என்னுடையதாம். நேற்று வலது தோளையும் படம் எடுத்தாயிற்று, இந்தத் தடவை கையைத் தூக்காமல் வாயால் சொன்னேன். வலதில் கிழிசலே இல்லை, வெறும் இறுக்கம்தான். வெள்ளைக்கொடி காட்டுகிற மாதிரி ஓட்டை டாக்டரே நாளைய ஆபரேஷனை நிறுத்திவிட்டார். நிறுத்திவிட்டு, வியாழக்கிழமை எட்டு மணியை வீணாக்க வேண்டாம், இடது தோளுக்கு வைத்துக்கொள்ளலாமே என்கிறார். கிழிசல் இருந்தும் வலியே இல்லையே, நான் சொன்னது சரிதானே என்று பொறுமை டாக்டர் வராந்தாவில் போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அலை டாக்டர் இரண்டு தோளுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு தடவை வரச் சொல்கிறார். நான் பொறுமை டாக்டர் பக்கம் போவதென்று முடிவு செய்துவிட்டேன். உன் அக்காவும் கையெழுத்துத் தாளை மடித்து ஆட்டம் போடும் அலமாரிக் காலுக்கு அடியில் வைத்துவிட்டாள். கோடு அந்தக் கோடிச் சுவருக்குப் போய்ச் சேர இன்னும் ஏழு பாய் அகலம் இருக்கிறது, இடது கையாலேயே முடித்துவிடுவேன். கிழிசல் அந்தக் கையில்தான் என்று தெரிந்த திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்து அது லேசாக வலிக்கிறது.

எதற்கும் மேல்மாடி டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடு. இரண்டு படத்தையும் உறையில் வைத்திருக்கிறேன். எது எந்தத் தோள் என்று மூலையில் போட்டிருக்கும். உறையில் போடும்போது நான் வேலையில் இருந்தேன். இரண்டு மூலையிலும் கட்டைவிரல் பட்டுவிட்டது.